லீவு நம் உரிமை. வட்டிக்காரன் நமக்கு வேண்டாம்!



"தைப்பூசத்துக்கு எங்கே போறீங்க?" என்று கேட்டால் நம் பேராத் தோட்டங்களில் மூன்று மலையில் ஒரு மலையின் பெயரைச் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் ஈப்போ கல்லுமலை என்பார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தால் பினாங்குத் தண்ணீர்மலை. பிள்ளைகள் ரொம்பவும் அடம் பிடித்தால் பத்துமலை. "சரி, காசு ஏது?" என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் பதில் வராது. பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சங்க வேலையாக ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருட சர்வீஸ். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பினாங்கு போய் வந்திருக்கிறார். வேன் வாடகை, சாப்பாடு, ஒரு ராத்திரி தங்கல், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். எல்லாம் சேர்த்து ஆயிரம் வெள்ளி. அந்த ஆயிரமும் வட்டிக்கு எடுத்தது. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. பேங்க் கார்டு வட்டிக்காரன் கையில். போதாக்குறைக்கு மூன்று நாள் வேலைக்கு வரவில்லை என்று சம்பளத்திலும் பிடித்துவிட்டார்கள்.

"லீவு எழுதிக் கொடுக்கலையா அக்கா?" என்று கேட்டேன்.

"நமக்கு ஏதுப்பா லீவு? அதெல்லாம் ஆபீஸ்காரங்களுக்குத்தானே!" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கு என்னை இதை எழுத வைத்தது.

லீவு யாருக்கு?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடம் 8 நாள் சம்பளத்தோடு லீவு. இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை 12 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். இது வார ஓய்வு நாளுக்கும் பொது விடுமுறைக்கும் மேலே தனியாக வருவது. குலை வெட்டுபவருக்கும் உண்டு, உதிரி பொறுக்குபவருக்கும் உண்டு, பால்மரம் வெட்டுபவருக்கும் உண்டு. கிராணி மனம் வைத்துக் கொடுக்கிற தானமல்ல இது.

கணக்குப் பாருங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சட்டப்படி 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். 16 நாளுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் வருகிறது. அந்த அக்கா எவ்வளவு கடன் வாங்கினாரோ அவ்வளவு மதிப்புள்ள லீவு அவர் பெயரிலேயே சும்மா கிடந்தது! அதை எடுக்காமல் மூன்று நாள் சம்பளத்தையும், ஏறக்குறைய 196 வெள்ளி, விட்டுவிட்டு வந்தார்.

மூன்று விஷயம் மனதில் வையுங்கள். முதலாவது, சொல்லாமல் கொள்ளாமல் நிற்காதீர்கள். அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் வருடத்து வேலை நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராமல் இருந்தால் அந்த வருட லீவே போய்விடும். இரண்டாவது, லீவு காலத்துக்கும் நிற்காது. ஒரு வருடம் சேர்ந்த லீவை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். "இருக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று விட்டால் உரிமை கைநழுவிப் போகும். மூன்றாவது, முதலாளி கேட்டு, நீங்களும் எழுத்தில் சம்மதித்தால் லீவுக்குப் பதில் பணம் வாங்கலாம். வாய்ப்பேச்சு செல்லாது. எதையும் எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டிக் கணக்கு

ஆயிரம் வெள்ளிக்கு மாதம் நூறு வட்டி. ஒரு வருடத்தில் 1,200 வெள்ளி கட்டியாகிவிடும். ஆனால் வாங்கிய ஆயிரம் அப்படியே நிற்கும்! லைசென்ஸ் உள்ள கடன்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதாவது ஆயிரத்துக்கு வருடம் 180 வெள்ளி. நம்மிடம் வாங்குவது அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். இரண்டு நாள் சந்தோஷத்துக்கு இரண்டு வருடம் அழுவது என்ன நியாயம்?

வேலை நாளுக்கு இரண்டு வெள்ளி எடுத்து வையுங்கள். மாதம் 26 நாளுக்கு 52 வெள்ளி. பன்னிரண்டு மாதத்தில் 624 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் வேலை செய்தால் இருவரும் வைக்கலாம், ஆயிரத்தைத் தாண்டிவிடும். பால் டின்னில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தால் நிற்காது, யாராவது கைவைப்பார்கள். பேங்க் சிம்பனான் நேஷனல் போன்ற சேமிப்பு வங்கியில் தனிக் கணக்கு திறந்து, சம்பளம் வந்த அன்றே போட்டுவிடுங்கள்.

"கூட்டு பிடிக்கிறோம் அண்ணே, அதுல வரும்" என்று சில தம்பிமார் சொல்கிறார்கள். கூட்டு என்பது நம் தமிழ்ச் சொல். அந்தச் சொல்லையே பெயராக வைத்து 1971ஆம் ஆண்டில் இந்த நாட்டில் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது! கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றம். நடத்துகிறவர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனால், போலீசில் போய் என்ன சொல்வது?

சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டு 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மறு வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது அந்தச் சங்கம். இன்றைய சம்பளத்தைவிட எத்தனையோ குறைந்த சம்பளத்தில் நம் பாட்டன்மார் தோட்டமே வாங்கினார்கள். நாம் பினாங்கு போக 600 வெள்ளி சேர்க்க முடியாதா?

இன்னொன்று. 2024 மே மாதம் முதல் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று வந்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். "அதுல எடுத்துப் போய்ட்டு வருவோம்" என்கிறார்கள். வேண்டாம் தோழர்களே. அது வயதான காலத்துக் கஞ்சி. மருந்து, பள்ளிச் செலவு என்று நெருக்கடி வந்தால் எடுங்கள். ஊர் சுற்ற எடுக்காதீர்கள்.

நாள் குறிப்பதும் போகிற வழியும்

தைப்பூசத்தன்றே தண்ணீர்மலைக்குப் போனால்தான் முருகன் பார்ப்பானா? காவடி, பால்குடம் நேர்த்திக்கடன் இருப்பவர்கள் அன்று போகட்டும். மற்றவர்கள் இரண்டு வாரம் தள்ளிப் போங்கள். கூட்டம் இருக்காது, அறை வாடகை இறங்கியிருக்கும், பிள்ளை தொலைந்துபோகிற பயமும் இல்லை. பேராவில் தைப்பூசம் பொது விடுமுறை. அதை ஒட்டிப் போகத்தான் வேண்டும் என்றால், அந்த நாளோடு ஓய்வு நாளைச் சேர்த்து, இடையில் இரண்டு நாள் லீவு போட்டாலே நான்கு நாள் கிடைக்கும்.

வேன் பிடிப்பது எப்போதும் மலிவல்ல. ஆள் நிறைந்தால் மலிவு. ஐந்து பேருக்கு ஒரு வேன் என்றால் நஷ்டம். ஈப்போவிலிருந்து கோலகங்சார், தைப்பிங் வழியாகப் பட்டர்வொர்த்துக்கு மின்சார ரயில் ஓடுகிறது. இறங்கினால் பக்கத்திலேயே பெரி. பத்துமலைக்கும் அப்படித்தான்: ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு மின்சார ரயில், அங்கிருந்து பத்துமலை அடிவாரம் வரை கொமுட்டர் ரயில். பெருநாள் சமயத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வயதானவர்களுக்குச் சலுகை உண்டா என்று கேட்டு எடுங்கள்.

தோட்டத்தோடு சேர்ந்து பஸ் எடுக்கிறீர்களா? நல்லது. ஆனால் முன்பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பயண ஏஜெண்டு என்றால் சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அவரிடம் போகாதீர்கள். லாரியில் பாய் விரித்து ஆள் ஏற்றுவது அந்தக் காலத்தோடு போகட்டும்.

தூரமாகப் போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். தைப்பிங் ஏரிப் பூங்கா ஒரு காலத்தில் ஈயக்குட்டை. சுற்றிப் பார்க்க ஒரு காசு வேண்டாம். பக்கத்தில் மிருகக்காட்சி சாலை. லுமுட்டிலிருந்து பெரி ஏறினால் பங்கோர். கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயில் உண்டு, மாசிமகத்துக்குப் பேர்போனது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம், தங்கல் செலவே இல்லை.

மூட்டை கட்டுவது

வீடு மாற்றுவதுபோலச் சாமான் கட்டாதீர்கள். இரண்டு நாள் பயணத்துக்கு ஆளுக்கு இரண்டு செட் துணி போதும். ஒவ்வொருவர் துணியையும் தனித்தனிப் பையில் சுற்றி வைத்தால் ஒன்றைத் தேட எல்லாவற்றையும் கலைக்க வேண்டியதில்லை. ஈரத்துணிக்கு இரண்டு பிளாஸ்டிக் பை. குடை ஒன்று கட்டாயம்.

சோறு கட்டிக்கொண்டு போனால் பாதிச் செலவு மிச்சம். தேங்காய்ச் சோறு மத்தியானத்துக்குள் கெட்டுவிடும், அதைப் பசியாறிவிடுங்கள். புளிச்சோறு ராத்திரி வரை நிற்கும். அவித்த முட்டை, பிஸ்கோத்து டின்னில் முறுக்கு, வீட்டுத் தண்ணீர். கோயில் வாசலில் விற்கிற தண்ணீருக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடித்தால் பிள்ளைக்கு ஓர் ஐஸ்கிரீம் வாங்கலாம்.

இனிப்புநீர், ரத்த அழுத்த மாத்திரையைப் பெரிய பேக்கில் போடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். பிள்ளைகள் சட்டைப்பையில் அப்பா அம்மா டெலிபோன் நம்பர் எழுதிய துண்டு. பணத்தை ஒரே ஆளிடம் வைக்காமல் இரண்டாகப் பிரியுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

நம் பாட்டன்மார் தகரப்பெட்டியோடு ரஜூலா கப்பலில் வந்தார்கள். பிறகு சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் காலம் முடிந்தது. இப்போது கோலாலம்பூரில் ஏறினால் சில மணி நேரத்தில் திருச்சி. ஆனால் செலவு பொல்லாதது. ஐந்து வருட பாஸ்போர்ட்டுக்கு 200 வெள்ளி. பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கும் 60 வயதானவர்களுக்கும் 100 வெள்ளி. இந்தியாவுக்கு விசாவும் வேண்டும். இந்திய அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள்; அதேபோலத் தோற்றம் காட்டிப் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு.

மலிவு விமானத்தில் கையில் கொண்டுபோக 7 கிலோதான் என்பார்கள். பெட்டிக்குத் தனிக் காசு. அதை டிக்கெட்டோடு கட்டிவிட்டால் குறைவு, விமான நிலையத்தில் கட்டினால் அதிகம். புறப்படுமுன் வீட்டிலேயே பெட்டியை நிறுத்துப் பாருங்கள். ஊரில் எல்லாருக்கும் தைலமும் மைலோவும் சேலையும் கொடுக்கக் கடன் வாங்குவதை நிறுத்துங்கள். மலேசியாவில் காசு மரத்தில் காய்க்கிறது என்று அவர்கள் நினைத்தால், உள்ளதைச் சொல்லுங்கள். வெட்கம் ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று

"சம்பளத்துக்குப் போராடாம ஊர் சுத்தறதைப் பத்தி எழுதுறியே!" என்று சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். சம்பளத்தோடு லீவு என்பது மழை பெய்து முளைத்ததல்ல. உலகம் முழுக்கத் தொழிலாளி கேட்டு வாங்கியது. வாங்கியதை அனுபவிக்காமல் விட்டால், 'இவங்களுக்கு இது வேண்டியதில்லை' என்று நாளைக்குச் சொல்வார்கள்.

என் அப்பா வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டினார். எங்களைத் தைப்பிங் மிருகக்காட்சி சாலைக்கு ஒரே ஒரு முறை அழைத்துப் போனார். அவர் வேலைக்குப் போகாமல், கோபப்படாமல், பகல் முழுக்க எங்கள் கூடவே இருந்த நாள் அது. புலியைப் பார்த்ததைவிட அதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

ஆகவே தோழர்களே, இந்தச் சம்பள நாளில் மூன்று வேலை செய்யுங்கள். உங்கள் பெயரில் எத்தனை நாள் லீவு இருக்கிறது என்று ஆபீசில் கேளுங்கள். 52 வெள்ளியை வங்கியில் போடுங்கள். வீட்டு நாள்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டுப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். லீவு இல்லை என்று யாராவது சொன்னால் உங்கள் சங்கக் கிளைத் தலைவரிடம் வாருங்கள். கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம்.