விற்ற பிறகு வரும் போன்

மதுரைப் பசுமலையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடம் ஓடியது. பெரிதாகப் புதியது வாங்கியாகிவிட்டது. பழையது மாடிப்படிக்குக் கீழே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்று போட்டோவோடு ‘நல்ல கண்டிஷன், உடனடி விற்பனை’ என்று ஆப்பில் போட்டதும் திருநகரிலிருந்து ஒருவர் வருகிறார். கதவைத் திறந்து மூடுகிறார், ஃப்ரீசருக்குள் கையை விட்டுப் பார்க்கிறார், 7,000 ரூபாய் சொன்னதை 6,500-க்குக் குறைத்து, ஜிபே பண்ணிவிட்டு, குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். மூன்றாம் நாள் காலையில் போன் வருகிறது; எடுக்காமல் விட்டால் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: “அண்ணே, கூலிங்கே வரலை. மெக்கானிக் வந்து பார்த்துட்டு கம்ப்ரஸர் போச்சுங்கிறார். தெரிஞ்சேதான் என் தலையில கட்டிட்டீங்களா?”

இதைப் படித்ததும் விற்றவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் நம்பரை ப்ளாக் செய்துவிட்டு, ‘பார்த்துத்தானே எடுத்துட்டுப் போனார்’ என்று சமாதானமாகிவிடுகிறார்கள். வேறு சிலர், வாங்கியவருக்கு வீடு தெரியுமே, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று பயந்து முழுப் பணத்தையும் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் புகாரை யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. அதில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. விற்கும்போது நாம் என்ன சொன்னோம்? சொல்லாமல் விட்டதில் எது நமக்குத் தெரிந்திருந்தது?

சட்டமும் ஏறக்குறைய இந்த இரண்டைச் சுற்றியே நிற்கிறது. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், பொருளின் தரத்துக்கு வியாபாரியைத்தான் பொறுப்பாக்குகிறது. அதன் 16-ஆவது பிரிவின்படி, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால், அது விற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற நிபந்தனை சொல்லாமலே ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும். டவுன்ஹால் ரோட்டில் பழைய போன் விற்கிற கடைக்காரரை அது கட்டுப்படுத்தும்; வீட்டு ஃபிரிட்ஜை ஒருமுறை விற்கிற குடும்பத் தலைவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 14, 15-ஆவது பிரிவுகளிலிருந்து அவரும் தப்ப முடியாது. பொருள் தன்னுடையதாக இருக்க வேண்டும். விவரம் சொல்லி விற்றால் அந்த விவரப்படியே இருக்க வேண்டும். ‘2021 மாடல், 260 லிட்டர், ஒரே ஓனர்’ என்று விளம்பரத்தில் போட்டால் அது ஒப்பந்தத்தின் பகுதி.

பேசாமல் இருந்தது குற்றமா என்ற கேள்விக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒரு குதிரையை வைத்துப் பதில் சொல்கிறது. 17-ஆவது பிரிவில் வரும் எடுத்துக்காட்டு அது. தன் குதிரை சரியில்லை என்று தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார்; வாயே திறக்கவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அதே குதிரையை, அப்போதுதான் வயதுக்கு வந்த சொந்த மகளுக்கு விற்றால் சொல்லியாக வேண்டும். உறவு அந்தக் கடமையைக் கொண்டுவருகிறது. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குபவர் சொல்கிறார், விற்பவர் மௌனமாக இருக்கிறார். அங்கே மௌனம் பேச்சுக்குச் சமம்.

இதை இன்றைய வாட்ஸ்அப்பில் வைத்துப் பாருங்கள். “ரிப்பேர் ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்கண்ணே, இல்லைன்னா நல்லா இருக்குன்னு நம்பி வர்றேன்” என்று செய்தி வருகிறது. நீல டிக் விழுகிறது. பதிலாக லொக்கேஷன் மட்டும் போகிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் எழுதிய அந்த மூன்றாவது குதிரை இதுதான். இந்த உரையாடலை யாரும் அழித்துவிடக் கூடாது என்பதும் இதனால்தான். விற்றவருக்கும் அதுவே சாட்சி.

முதல் குதிரை விஷயத்தில் எனக்குச் சட்டத்தோடு உடன்பாடு இல்லை. எதிரே நிறுத்தி விற்கிற சந்தைக்கு வேண்டுமானால் அது பொருந்தியிருக்கலாம். பசுமலையிலிருந்து தெற்கே போகிற சாலையில் திருமங்கலம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். அங்கே வாங்குகிறவர் ஆட்டின் முதுகைத் தடவி, தூக்கிப் பார்த்து, வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். விற்பவர் மறைத்தாலும் வாங்குபவரின் கை கண்டுபிடிக்கும். போட்டோவைப் பார்த்து வருகிறவருக்கு அந்தக் கை இல்லை. பத்து நிமிடம் நின்று பார்க்கிறவருக்கு ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் நள்ளிரவில் என்ன செய்யும் என்று எப்படித் தெரியும்? போன கோடையில் இரண்டு முறை கேஸ் அடைத்தது விற்பவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், அதை மறைத்தவர் மூன்றாம் நாள் வருகிற போனுக்குக் கடன்பட்டவர்.

குறையைச் சொன்னால் விலை போகாது என்ற பயம் பாதிதான் நிஜம். இணைய விற்பனையின் தொடக்கக் கதையே இதற்கு எதிரானது. 1995-இல் பியர் ஒமிட்யார் தொடங்கி, பின்னால் ஈபே ஆன தளத்தில் முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயிண்டர், விலை 14.83 டாலர். உடைந்தது என்று தெரிந்துதானே வாங்குகிறீர்கள் என்று அவர் கேட்க, உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். எல்லோருக்கும் அப்படி ஓர் ஆள் கிடைக்க மாட்டார், சரி. ஆனால் ‘கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது, போன வருடம் கேஸ் அடைத்தது’ என்று போட்டு 5,500-க்கு விற்ற ஃபிரிட்ஜுக்குப் புகார் வருவது அபூர்வம். அந்த ஆயிரம் ரூபாய் நிம்மதியின் விலை.

எதிர்ப்பக்கத்துக்கு ஜெர்மனியில் ஒரு வழக்கு இருக்கிறது. அங்கே தனிநபர்கள் ‘உத்தரவாதம் கிடையாது’ என்று எழுதிவிட்டு விற்கலாம். ஈபேயில் அப்படி எழுதி ஒருவர் மோட்டார் சைக்கிள் விற்றார். ஓடிய தூரம் சுமார் 30,000 கிலோமீட்டர் என்றும் போட்டிருந்தார். மீட்டரில் இருந்தது மைல். 2006-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், உத்தரவாதம் இல்லை என்ற வரி, விற்பவர் தாமே குறிப்பிட்ட தூரத்தை அழித்துவிடாது என்று தீர்த்தது. அவர் ஏமாற்ற நினைத்தாரா என்பது வேறு பேச்சு. நம் ஊர் விளம்பரங்களின் அடியில் ‘நோ ரிட்டர்ன்’ என்று போட்டுவிட்டு, மேலே ‘புதுசு மாதிரி’ என்று எழுதுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

சரி, போன் வந்துவிட்டது. முதல் பதிலில் ‘நான் விக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு’ என்ற வாக்கியம் வரக் கூடாது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்பவர் காதில் ‘நீ பொய் சொல்கிறாய்’ என்றுதான் விழும். கேள்வி கேட்பதே நல்லது. அதுவும் ஃபிரிட்ஜ் விஷயத்தில் கேள்விகளுக்கு நிஜமான பயன் உண்டு. வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனீர்களா, நிறுத்தியா? வீட்டுக்குப் போனதும் உடனே ஸ்விட்ச் போட்டீர்களா? படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் உள்ள ஆயில் குழாய்களுக்குள் இறங்கிவிடும். இறக்கியபின் பல மணி நேரம், முடிந்தால் ஒரு நாள், நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். குட்டியானையில் சாய்த்துப் போட்டு, வெயிலில் திருநகர் போய், தண்ணீர் பாட்டிலை அடுக்கி உடனே போட்டிருந்தால் பழி விற்றவர் மேல் மட்டும் விழ முடியாது. மோட்டார் ஓடுகிற சத்தம் வருகிறதா, ஃபிரிட்ஜின் வெளிப்பக்கம் எங்காவது சுடுகிறதா என்றும் கேட்கலாம். மோட்டார் கிளம்ப முயன்று ‘டிக்’ என்று நின்றால் சில நேரம் ரிலேதான் காரணம்; அது கம்ப்ரஸர் அளவுக்குச் செலவு வைக்காது. ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு, நமக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரையும் பார்க்கச் சொல்லலாம். முதலில் வந்தவர் சொன்னதே கடைசி வார்த்தை என்று இரண்டு பேருமே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்படிக் கேட்கும்போதே பெரும்பாலும் விஷயம் தெளிந்துவிடும். நமக்குத் தெரிந்த பழைய கோளாறுதான் திரும்ப வந்திருக்கிறது என்றால், தயங்காமல் பொருளை எடுத்துக்கொண்டு பணத்தையும், முடிந்தால் வண்டிக்கூலியில் பாதியையும் கொடுத்துவிட வேண்டும். தெரியாமல் தவறாக ஏதாவது சொல்லியிருந்தால், 2018 மாடலை 2021 என்று போட்டிருந்தால், விலையில் கழித்துக்கொடுக்கலாம். முழுப் பணம் அல்லது ஒன்றுமில்லை என்ற இரண்டு நிலை மட்டுமே உலகில் இல்லை. சொன்ன தரம் இல்லாதபோது பொருளை வைத்துக்கொண்டே விலையைக் குறைத்துக் கேட்கும் வழியை 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆவது பிரிவே திறந்து வைத்திருக்கிறது. இரண்டும் இல்லை, பழைய இயந்திரம், ஆயுள் முடிந்தது என்றால் பணம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. அதை மரியாதையாக, எழுத்தில், ஒரே ஒருமுறை சொன்னால் போதும். “தம்பி, நான் விக்கிற வரைக்கும் இதுல எந்த ரிப்பேரும் பார்த்ததில்லை. உங்க நஷ்டம் எனக்கும் வருத்தம்தான். மெக்கானிக் செலவுல 500 நான் தர்றேன், அதுக்கு மேல முடியாது.” அந்த 500 கட்டாயமல்ல. அதே ஊரில் நாளைக்கு முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் என்பதால் தருவது.

புகார் சொல்கிற எல்லோரும் நல்லவர்களும் இல்லை. போன் விற்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நல்ல போனை வாங்கிப்போய், அதே மாடலில் டிஸ்ப்ளே உடைந்த வேறொன்றைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். விற்கும் முன் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணைப் படமெடுத்து வைத்தால் இந்த வேலை நடக்காது. ‘ரீஃபண்ட் ப்ராசஸ்’ என்று சொல்லி க்யூஆர் கோடு அனுப்புகிறவர்களும் உண்டு. யுபிஐயில் பணம் பெற பின் நம்பர் போடவே தேவையில்லை. பின் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று பொருள். போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்.

பைக், கார் விற்றவர்களுக்குப் புகார் வேறு திசையிலிருந்து வரும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறவில்லை என்றால், வண்டி மோதிய வழக்கில் விற்றவர்தான் பொறுப்பாளி. 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் ஏராளம்.

பேசியும் தீரவில்லை என்றால் எங்கே போவது? நம் அமைப்பில் உள்ள பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. கடையில் வாங்கியிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், தொழிலாக இல்லாமல் சொந்த முறையில் விற்கும் தனிநபரைத் தங்கள் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டன. அது நியாயமே, வீட்டு ஃபிரிட்ஜ் விற்றவரை நிறுவனம்போல நடத்த முடியாது. போலீஸ் ஸ்டேஷனில், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி வழக்கு. இல்லையென்றால் அங்கே நடப்பது பெரும்பாலும் கட்டப் பஞ்சாயத்துதான். மிச்சம் உரிமையியல் நீதிமன்றம். 6,500 ரூபாய்க்கு வக்கீல் வைத்து யார் அலைவார்கள்? சிங்கப்பூரில் இருக்கிற தமிழருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அங்குள்ள சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் 20,000 வெள்ளி வரையிலான பொருள் விற்பனைத் தகராறுகளை, வக்கீல் இல்லாமலே கேட்கிறது.

நம் ஊரில் அதற்கு அருகில் வருவது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் அந்த முடிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடும் கிடையாது. எதிர்த் தரப்பு வர மறுத்தால் ஒன்றும் நடக்காது என்பதுதான் இதன் பலவீனம்.

அந்தப் பலவீனத்தை இரண்டு பேரையும் சேர்த்துவைத்த ஆப்தான் ஈடுகட்ட வேண்டும். ஜப்பானின் மெர்காரியில் வாங்கியவர் பொருளைப் பெற்றுச் சரிபார்த்துச் சொல்லும்வரை பணம் தளத்திடமே இருக்கிறது. வீட்டு வாசலில் கைமாறும் நம் வியாபாரத்துக்கு அவ்வளவு வேண்டாம். விற்றவர் அழித்துவிட்டாலும் விளம்பரத்தின் வாசகமும் போட்டோவும் பேச்சும் 90 நாள் இரண்டு பேருக்கும் கிடைக்கும்படி வைத்திருந்தால் போதும். கேஸ் அடைத்ததை விற்பவர் எழுதியிருந்தாரா இல்லையா என்று லோக் அதாலத் மேசையில் யாரும் சத்தியம் செய்ய வேண்டியிருக்காது. இதை மத்திய நுகர்வோர் துறை ஒரு விதித் திருத்தத்தில் செய்துவிடலாம்.