வானம் எல்லோருக்கும், தொலைநோக்கி கொழும்புக்கு மட்டுமா?

2025 செப்டெம்பர் 7 ஆம் திகதி இரவு 11 மணியளவில் நிலவு முழுமையாகப் பூமியின் நிழலுக்குள் போனது. 82 நிமிடங்கள் நீடித்த முழுச் சந்திர கிரகணம். மறுநாள் முகநூலில் வந்த கைத்தொலைபேசிப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு நடுவே ஒரு மங்கல் புள்ளிதான். அதன் பிறகு பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “வானத்தை ஒழுங்காகப் படம் எடுக்க எந்தத் தொலைநோக்கி வாங்குவது, எவ்வளவு முடியும்?”

இதற்குத் தொழில்நுட்பப் பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லப் போனால் எங்கள் இரவுகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் சூரியனை வைத்தே பெயரிட்டார்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. யுத்தம் அந்தப் பெயர்களுக்கு வேறு பொருள் கொடுத்தது: ஒன்று இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதி, மற்றது புலிகளின் பகுதி. வானத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது பரா லைட். 1990 செப்டெம்பர் 9 இரவு சத்துருக்கொண்டானில் நடந்ததை நினைவில் வைத்திருக்கும் மாவட்டம் இது. பொழுதுபட்டால் கதவைச் சாத்து என்று வளர்க்கப்பட்ட தலைமுறைக்கு, முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பது பழக்கமில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வானியலில் ஆர்வம் குறைவு என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்தது, வசதிகள் இருக்கும் இடம். நாட்டின் கோள்மண்டலம் 1965 இலிருந்து கொழும்பில் இருக்கிறது. ஜப்பான் அன்பளிப்புச் செய்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி மொறட்டுவை, கட்டுபெத்தவில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் இருக்கிறது. நாவற்குடாவிலிருந்து அங்கு போக 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு வகுப்பை ஏற்றிச் செல்லும் பஸ் செலவில் சிறிய தொலைநோக்கி ஒன்றுக்குப் பெரும் பங்கு வந்துவிடும்.

தனியாக வாங்கலாம் என்றால் விலை இடிக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. இந்த நிலையில் கைக்காசைக் கொட்டி, பெட்டியில் “500 மடங்கு பெரிதாக்கும்” என்று அச்சிட்ட விளையாட்டுச் சாமானை வாங்கி ஏமாறுபவர்களே அதிகம். பெரிதாக்கும் அளவு ஒரு தொலைநோக்கியின் தரம் அல்ல. எவ்வளவு ஒளியைச் சேர்க்கிறது, எவ்வளவு ஆடாமல் நிற்கிறது என்பவைதான் தரம்.

வான்படத்துக்கு இந்த இரண்டாவது விடயம் முக்கியம். பூமி சுழல்வதால் வானம் 4 நிமிடங்களுக்கு 1 பாகை நகர்கிறது. சாதாரண டீஎஸ்எல்ஆர் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டி முக்காலியில் வைத்தால், 6 வினாடிக்கு மேல் திறந்திருக்கும்போது நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். மங்கலான பொருட்களைப் பிடிக்க 6 வினாடி போதாது. ஆகவே முதற்செலவைத் தொலைநோக்கியில் போடாமல், வானத்தோடு சேர்ந்து திரும்பும் தாங்கியில் போட வேண்டும். கடையில் வாங்கும் தாங்கி விலை கூடியது. ஆனால் அதைத் தச்சரிடமே செய்விக்கலாம்.

இரண்டு பலகை, ஒரு பிணைச்சல், ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் 6 மில்லிமீற்றர் மரையாணித் தண்டு, அதற்கு ஒரு நட். தண்டின் ஒரு சுற்றுக்கு மரை 1 மில்லிமீற்றர் முன்னேறும். பிணைச்சலின் அச்சிலிருந்து 229 மில்லிமீற்றர் தள்ளித் தண்டைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்றுத் திருகினால், மேற்பலகை பூமியின் சுழற்சி வேகத்திலேயே திறக்கும். கமரா அந்தப் பலகையில் இருக்கும். கையால் திருகலாம், மணிக்கூட்டின் வினாடி முள்ளைப் பார்த்துத் திருகினால் போதும். நான் இந்த அளவுகளைக் கொடுத்தபோது ஊர்த் தச்சர் கேட்டார்: “தம்பி, இது கோழிக்கூட்டுக் கதவா?” மேற்கில் இதைக் களஞ்சியக் கதவு என்றுதான் அழைக்கிறார்கள், அவர் சொன்னதும் சரிதான்.

இணையத்தில் உள்ள செய்முறைகளை அப்படியே பின்பற்ற முடியாது. அவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டவை. பிணைச்சலின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். இலண்டனில் அது 51 பாகை உயரத்தில் நிற்கிறது. எங்களுக்கு அடிவானத்திலிருந்து 8 பாகைகூட இல்லை. தென்னைகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே அச்சு ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கும். பலகை 20 சென்ரிமீற்றர் நீளமென்றால் வடக்கு முனையை 3 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தினால் சரி. வடக்கைக் கைத்தொலைபேசியின் திசைகாட்டி காட்டும். பிணைச்சல் படுவான்கரைப் பக்கம், திறக்கும் விளிம்பு கடல் பக்கம். நட்சத்திரங்கள் போகும் வழியில் பலகையும் போகும்.

இப்படி ஒரு நிமிடப் படங்களாக 30, 40 எடுத்து, டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருட்களால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், கண்ணுக்குத் தெரியாதவை மேலே வரும். பாவித்த கமராவும் பழைய 50 மில்லிமீற்றர் வில்லையும் இதற்குப் போதும்.

நிலவு, வியாழனின் நான்கு நிலவுகள், சனியின் வளையம் என்பவற்றுக்குத்தான் தொலைநோக்கி வேண்டும். மேசையில் வைக்கும் 130 மில்லிமீற்றர் டொப்சோனியன் நல்ல தெரிவு. இருளில் 7 மில்லிமீற்றர் விரியும் கண்மணியைவிட ஏறக்குறைய 345 மடங்கு ஒளியைச் சேர்க்கும். கண்வில்லையில் கைத்தொலைபேசியைப் பிடியால் பொருத்திக் காணொளி எடுத்து, அதன் நல்ல சட்டகங்களை ஓட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளால் சேர்க்கலாம். உரிய வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் நிரந்தரமாகப் போய்விடும். கடற்காற்றில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

எங்கள் இருப்பிடமும் ஒரு சொத்து. மாரி மழை ஓய்ந்த பிறகு, கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், பால்வீதியின் நடுப்பகுதி முன்னிரவிலேயே உயர்ந்து நிற்கும். தென்சிலுவையும் ஒமேகா சென்டோரி என்ற மாபெரும் நட்சத்திரக் கொத்தும் இங்கிருந்து தெரியும். இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கும் உறவினர்களுக்கு அவை அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

அந்த உறவினர்களிடம்தான் ஒரு கோரிக்கை. பழைய மாணவர் சங்கங்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கு வளைவும் சிலையும் விளையாட்டு அரங்கும் கட்டித் தருகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் ஒரு தொலைநோக்கி சிறு தொகை. வானியல் எங்களுக்குப் புதிதும் அல்ல. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் அது பாடமாக இருந்தது. அங்கு கற்பித்த ஹொய்சிங்டன் 1848 இல் வானியல் நூல் ஒன்றை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். ஆனால் கருவி அதிபரின் அலுமாரியில் பூட்டப்படாமல் இருக்க, பொறுப்பான ஓர் ஆசிரியரும், மாதம் ஒரு பார்வை இரவும் முதலிலேயே தீர்மானிக்கப்பட வேண்டும்.

அரசுக்கும் உள்ளூராட்சி சபைக்கும் வேலை இருக்கிறது. வீதி விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு ஒளியைக் கீழே இறக்குவது மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும். அதைவிடப் பெரிய விடயம், இரவில் வாவிக் கரையில் முக்காலியோடு நிற்கும் இளைஞன் சந்தேகநபராகப் பார்க்கப்படாமல் இருப்பது. 1979 இல் தற்காலிக ஏற்பாடாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வளர்ந்த சமூகத்தில், கமராவைத் தூக்கவே தயக்கம் இருக்கிறது. இப்போதைக்குக் குழுவாகப் போங்கள், கிராம சேவகருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள் என்றுதான் நானும் ஆலோசனை சொல்கிறேன். நட்சத்திரம் பார்க்க யாருக்கும் அறிவிக்கத் தேவையில்லாத நிலை வர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

2028 டிசெம்பர் 31 இரவு இன்னொரு முழுச் சந்திர கிரகணம் இங்கு தெரியும். 2031 மே 21 இல் கங்கண சூரிய கிரகணம் வட இலங்கையைக் கடந்து போகும். மட்டக்களப்பில் பெரும் பகுதி மறையும். 2025 இல் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பிள்ளை அப்போது சாதாரண தரத்தில் இருக்கும். அந்தப் பிள்ளையின் பாடசாலையில் அதற்குள் ஒரு தொலைநோக்கி இருக்க வேண்டும். தச்சரிடம் பலகை வெட்டக் கொடுப்பதை இந்த வாரமே செய்யலாம்.