சுருட்டி எறிய முன் ஒருமுறை பாருங்கள்

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் நிறை கேட்கிறோம், யாருடைய சாயல் என்று பார்க்கிறோம். மலம் என்ன நிறம் என்று மட்டும் கேட்பதில்லை.

முதல் இரண்டு நாள் கறுப்பாகப் போகும். பிறகு பச்சை கலந்து, 5ஆம் நாளளவில் மஞ்சளாகும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இளக்கமாக, நாளுக்குப் பலமுறை போவதும் வழமைதான். அதை வயிற்றோட்டம் என்று சொல்லி உம்மாவின் பாலை நாம் குறை சொல்லக் கூடாது.

பயப்பட வேண்டியது வெள்ளைக்கும் களிமண் நிறத்துக்கும்தான். பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான சத்திரசிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். 'நாற்பது கழியட்டும்' என்று வீட்டில் வைத்திருந்தால் மிஞ்சுவது 20 நாள். அன்றைக்கே டொக்டரிடம் காட்டுவோம். இரத்தம் கண்டாலும், கண் மஞ்சள் 2 வாரம் தாண்டினாலும் அப்படித்தான்.

தோலுக்குப் பவுடர் வேண்டாம். பேம்பஸ் அழுக்கானதும் மாற்றி, தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, கொஞ்சம் காற்றுப்பட விட்டாலே போதும். 3 நாளில் சிவப்பு ஆறாவிட்டால் கிளினிக்கில் காட்டுவோம்.

இது உம்மாமாரின் வேலை மட்டுமல்ல. வாப்பாமார் நாமும் பேம்பஸைச் சுருட்டி எறிய முன் ஒருமுறை விரித்துப் பார்ப்போம்.