அந்தாண்ட போவது எப்படி?

போன மாதம் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை பைக்கில் வந்தார். வாட்ஸப்பில் நாற்பது வீடியோ அனுப்பினார். எல்லாமே ஹெல்மெட் கேமராவில் எடுத்தவை. பனிமலை, பஞ்சாப் வயல்கள், நாக்பூர் பக்கத்துக் காடு, கடைசியில் கடல். கடைசி வீடியோவுக்குக் கீழே ‘ஒரே ரோடு, ஒரே தேசம்’ என்று எழுதியிருந்தார். நானும் ஒரு ஹார்ட் போட்டேன்.

அதில் ஒரு வீடியோவில் எங்கள் ஊர் இரண்டு விநாடி வந்து போகிறது. தருமபுரியைத் தாண்டி, தொப்பூர் கணவாய்க்கு முன்னால். சென்டர் மீடியன் மேல் ஒரு வயசான அம்மா, தலையில் புல்லுக்கட்டோடு நிற்கிறார். அவர் அந்தாண்ட போகணும். எங்கள் பக்கம் ‘அந்தப் பக்கம்’ என்று சொல்ல மாட்டோம், அந்தாண்டதான். நண்பரின் வண்டி மணிக்கு நூறு கிலோமீட்டரில் அவரைக் கடந்து போகிறது.

நெடுஞ்சாலையை நாம் எல்லோருமே அந்த ஹெல்மெட் கேமரா வழியாகத்தான் பார்க்கிறோம். நெடுக்கே போகிறவன் பயணி. குறுக்கே போகிறவன் இடைஞ்சல். பயணக் கட்டுரை எழுதுகிறவர்களும், அதைப் படித்து உருகுகிற நாமும் இதற்கு விலக்கு இல்லை. தாபா டீயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோம். அந்த தாபாவுக்கு எதிர்ப்பக்கம் வீடு இருக்கிறவன் எப்படி வீட்டுக்குப் போகிறான் என்று ஒரு வரி எழுதியிருக்கிறோமா?

முதலில் இந்த ‘ஒரே ரோடு’ கதை. என்.எச். 44-இன் நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல். 2010-இல் நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றியபோது, பழைய 1ஏ, 1, 2, 3, 75, 26, 7 ஆகிய ஏழு சாலைகளை முழுசாகவோ துண்டாகவோ கோத்து ஒரே நம்பர் கொடுத்தார்கள். என் தொழிலில் இதை வேரியபிளுக்குப் பெயர் மாற்றுவது என்போம். பெயர் மாறினாலும் புரோகிராம் பழையபடிதான் ஓடும். எங்கள் ஊர் டீக்கடையில் இன்றைக்கும் அது என்.எச். ஏழுதான்.

இந்த ரோட்டின் வடக்கு முனைக்குப் போவோம். 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் கொல்லப்பட்டது இதே சாலையில்தான். அந்த ஏப்ரலில், படை வண்டிகள் போவதற்காக, உதம்பூரிலிருந்து ஸ்ரீநகர் வழியாக பாரமுல்லா வரை ஞாயிறும் புதனும் பொதுமக்கள் வண்டி ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது. விடிகாலை நாலு மணியிலிருந்து மாலை ஐந்து வரை. காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ரோட்டோரத்து ஆள் அவசரத்துக்குக்கூட அனுமதி வாங்கித்தான் தன் ரோட்டில் ஏற முடிந்தது. ‘ஒரே ரோடு’ என்று பாடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பாடவேண்டும்.

2020 ஊரடங்கில் ஹைதராபாத் பக்கமிருந்து வடக்கே சொந்த ஊருக்கு நடந்த தொழிலாளிகள் இந்த ரோட்டில்தான் நாக்பூர் வழியாக நடந்தார்கள். ரோடு போட்டவர்களின் கணக்கில் நடக்கிறவன் என்று ஒரு ஆள் இருந்ததாகவே தெரியவில்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது அரசுக் கணக்கு. அதில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் நூற்றுக்கு இரண்டு பங்குதான். சாவில் அவற்றின் பங்கு நூற்றுக்கு முப்பத்தாறு.

‘குறுக்கே வந்தா அடிபடத்தான் செய்வான், என்ன பண்றது’ என்பவர்கள் பெஞ்ச் காட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். இதே என்.எச். 44 புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகிற இடம். பல வருஷ வழக்குக்குப் பிறகு, மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் கீழே கடந்துபோக ஒன்பது பாலங்கள் கட்டினார்கள். அதில் பெரியது 750 மீட்டர் நீளம். கேமரா வைத்துப் பார்த்தால் மானும் புலியும் அதில் போய் வருகின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி. புலிக்காகக் கோர்ட்டுக்குப் போக ஆள் இருந்தார்கள். புல்லுக்கட்டுக்காகப் போக யார் இருக்கிறார்கள்?

எங்க பெரியப்பா இந்த ரோட்டைத் தாண்டும்போதுதான் காலை இழந்தார். ஊரே கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு வழி கேட்டு மனு கொடுத்தோம். ‘ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கே, அதுல போய்ட்டு வாங்க’ என்று பதில் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறில் போகிற நண்பருக்கு ரெண்டு கிலோமீட்டர் என்பது 72 விநாடி. அந்த அம்மா அதுவரை போய், அந்தாண்ட திரும்பி நடந்து வர நாலு கிலோமீட்டர். தலைச்சுமையோடு ஒரு மணி நேரம். அவர் மீடியன் ஏறாமல் வேறென்ன செய்வார்?

‘அப்ப ரோடே வேணாமா?’ என்பீர்கள். வேணும். வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் பஸ் ஏறி இந்த ரோட்டில்தான் நான் வீட்டுக்குப் போகிறேன். பனிஹால்–காசிகுண்ட் மலையைக் குடைந்து எட்டரை கிலோமீட்டருக்குச் சுரங்கம் போட்டோம். பழைய சுரங்கத்தின் பனிச்சரிவுத் தொல்லையிலிருந்து தப்பித்தோம். அந்த எஞ்சினியர்களுக்கு என் வணக்கம். மலைக்குள்ளே எட்டரை கிலோமீட்டர் போகத் தெரிந்தவர்களுக்கு, நாலு வழி ரோட்டுக்குக் கீழே ஒரு ஆள் நடக்க வழி விடத் தெரியாதா? தெரியும். கேட்க ஆள் இல்லை, அளக்கவும் ஆள் இல்லை. எவ்வளவு நேரம் மிச்சம் என்று நெடுக்கே மட்டும் அளக்கிறோம். குறுக்கே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று எந்தத் திறப்பு விழாவிலும் யாரும் சொல்வதில்லை. எதை அளக்கிறோமோ அதைத்தான் சரிசெய்வோம். இது சாஃப்ட்வேரில் முதல் வருஷமே தெரிந்துவிடுகிற பாடம்.

அந்த இரண்டு விநாடியை மட்டும் வெட்டி நண்பருக்கே திருப்பி அனுப்பினேன். ‘இந்த அம்மா அந்தாண்ட போய்ச் சேர்ந்தாங்களா?’ என்று கேட்டேன்.

‘எந்த அம்மா?’ என்று பதில் வந்தது.