ஏ.சி. வாங்கினோம், அமைதியை வாங்கினோமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். "லேப் எல்லாம் எப்படிம்மா போகுது?" என்று கேட்டேன்.

"புது ஏ.சி. போட்டிருக்காங்க சார். அது ஓடினா இன்டர்ஃபெரோமீட்டர்ல கோடு ஆடிக்கிட்டே இருக்கு. நிறுத்தினா ரூம் சூடாகி கோடு நகர்ந்துடுது. எண்ணவே முடியல."

"அப்ப ரீடிங் எப்படி எடுத்தீங்க?"

"போன வருஷ ரெக்கார்டைப் பார்த்து எழுதிட்டோம் சார்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கருவியில் ஒளியின் அலைகளையே அளவுகோலாக வைத்து அளக்கிறார்கள். சிவப்பு லேசரில் ஒரு கண்ணாடி 158 நானோமீட்டர் நகர்ந்தாலே வெளிச்சக் கோடு இருட்டாகிவிடும். நம் தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்குதான் அது. சாதாரண ஏ.சி. கம்ப்ரசர் நொடிக்கு ஏறக்குறைய 48 முறை சுற்றுகிறது. வெளி யூனிட்டை லேப் சுவரிலேயே போல்ட் போட்டு மாட்டினால் அந்த அதிர்வு சுவர், தரை, மேசை வழியாகக் கண்ணாடிக்கு வந்துவிடும். உள்ளே வீசும் குளிர்காற்றும் ஒளியின் பாதையைக் கலைக்கும்.

அதற்காக ஏ.சி.யே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூட்டுக்கு சுமார் 12 மைக்ரோமீட்டர் நீளும். கோடுகள் முப்பதுக்கு மேல் ஓடிவிடும். ஆக, ஏ.சி.யும் வேண்டும், அதன் ஆட்டம் மட்டும் வரக்கூடாது.

இது புதிய தலைவலி அல்ல. 1881-ல் மைக்கெல்சன் தன் கருவியை முதலில் பெர்லினில் வைத்துப் பார்த்தார். தெருப் போக்குவரத்து கெடுத்ததால் போட்ஸ்டாம் வானாய்வகத்துக்குக் கொண்டுபோனார். அங்கேயும் 100 மீட்டர் தள்ளி நடைபாதையில் ஒருவர் காலால் ஓங்கி மிதித்தால் கோடுகள் மறைந்துவிட்டனவாம். 1887-ல் அவரும் மார்லியும் கனமான கல்லைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, அதன்மேல் கருவியை வைத்தார்கள். பொய் ரீடிங் எழுதவில்லை.

அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பு அலையைப் பிடித்தது. அது கண்டுகொண்டது புரோட்டானைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறிய அசைவு. அங்கும் ஏ.சி. உண்டு. அதிர்வுமானிகளையும் மைக்குகளையும் கட்டிடம் முழுக்க வைத்து, ஏ.சி.யை நிறுத்தியும் ஓட்டியும் எது எங்கே கெடுக்கிறது என்று பார்க்கிறார்கள். நம் நாட்டிலும் மராட்டியத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா வரப்போகிறது. அதில் வேலை செய்யப்போகிறவர்கள் இன்று ரெக்கார்டைப் பார்த்து எழுதும் பிள்ளைகள்தானே?

கல்லூரிகள் செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. வெளி யூனிட்டைச் சுவரிலிருந்து இறக்கி, சற்றுத் தள்ளித் தனி சிமென்ட் மேடையில், ரப்பர் மெத்தை வைத்து நிறுத்துங்கள். சுவரைத் துளைத்து வரும் குழாய் சுவரோடு உரசாமல் ஸ்பாஞ்ச் சுற்றுங்கள். காற்று மேசைமேல் படாமல் திருப்பி, கருவிக்கு ஒரு பெட்டி போட்டு மூடுங்கள். காற்று குறைவாக அடித்த டயர் ட்யூப்மேல் கனமான கல் பலகை வைத்தால் பாதி ஆட்டம் அங்கேயே அடங்கும். மைய ஏ.சி. என்றால் அகலமான குழாய் போடச் சொல்லுங்கள். காற்றின் வேகம் பாதியானால் குழாயின் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். எதுவும் முடியாவிட்டால், முன்கூட்டியே ஏ.சி.யை ஓட்டி அறையை நிலைப்படுத்திவிட்டு, ரீடிங் எடுக்கும் பத்து நிமிடம் மட்டும் நிறுத்துங்கள்.

என் கருத்து இதுதான். டெண்டரில் எத்தனை டன் என்று மட்டும் எழுதினால் போதாது. மேசை எவ்வளவு ஆடலாம் என்றும் எழுத வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் இயற்பியல் ஆசிரியர். அவரைக் கேட்காமல் ஏ.சி. மாட்டக் கூடாது.

கோடு ஆடினால் "ஆடியது, எண்ண முடியவில்லை" என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். அந்தப் பெண்ணிடமும் அதைத்தான் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை அப்படியே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.