திசைச்சொல்லும் திசையிசையும்

இலக்கணம் கற்பிக்கும் ஒருவனிடம் அயல்நாட்டு வாத்திய இசையைப் பற்றி அபிப்பிராயம் கேட்பது, குயவனிடஞ் சென்று நெசவின் நுட்பம் கேட்பது போன்றதென்று வாசகர் நகைக்கக்கூடும். ஆயினும் கேட்கப்பட்டேன், கேட்டவர்க்கு விடை கூறுங் கடன் எனக்குண்டு. அவ்விடையைப் பலரும் அறியக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை, அன்புவழிபுரத்திலுள்ள என் வீட்டு விறாந்தைக்கு நான்கு இளைஞர் வந்தனர். நால்வரும் ஒருகால் என்னிடம் நன்னூல் படித்தவர்கள். ஊர்ச் சனசமூக நிலையத்தில், லத்தீன் ஜாஸ் என்னும் இசைக்கு இரண்டு நாட் பயிற்சிப் பட்டறையும், அதன் முடிவில் ஊரவர் யாவரும் கட்டணமின்றிக் கேட்கத்தக்க ஒரு கச்சேரியும் நடத்த அவர்கள் விரும்புகின்றனர். கொழும்பிலிருந்து வாத்தியகாரர் சிலர் வந்து கற்பிக்க இசைந்துள்ளனராம். ஊர்ப் பெரியவர்களோ, “பண்டிதரைக் கேளுங்கள், அவருக்குச் சரியென்றால் எமக்குஞ் சரி” என்று கூறிவிட்டனர்.

“ஐயா, நீங்கள் வேண்டாமென்றால் நாங்கள் விட்டுவிடுவோம்” என்றான் அவர்களுள் மூத்தவன்.

“வேண்டாம்” என்னுஞ் சொல் என் நாவின் நுனியில் நின்றது. அதனை விழுங்கி, ஒரு கிழமை தவணை கேட்டு அவர்களை அனுப்பினேன்.

என் தயக்கத்துக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. நம் பிள்ளைகளுட் பண்ணோடு தேவாரம் பாட வல்லார் எத்தனை பேர்? வடமோடி, தென்மோடிக் கூத்துக்கு மத்தளம் பிடிக்கும் அண்ணாவிமார் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர்? வீட்டில் விளக்கேற்ற எண்ணெயில்லாதவன் வீதிக்குத் தோரணங் கட்டலாமா? இஃதொன்று.

மற்றொன்று இதனினும் ஆழமானது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் தலம் எமது ஊர். 1622 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். லத்தீன் அமெரிக்க இசையின் ஒருகால் ஊன்றியிருப்பது அந்த ஐபீரிய மண்ணிலேயாம். கோயிலை இடித்தவன் வீட்டு இசையைக் கோயிலின் நிழலிலேயே முழக்குவதா என்று என் நெஞ்சு கேட்டது. கேட்ட நெஞ்சைக் குறைகூற இயலாது. ஆனால் அந்த வினாவை முற்றாக ஆராயாமல் விடுவதும் அறிஞர்க்கு அழகன்று. ஆதலின் அந்த ஒரு கிழமையும் நூல்களைப் புரட்டினேன், ஒலிப்பதிவுகளையுங் கேட்டேன்.

லத்தீன் ஜாஸ் பிறந்தது அரண்மனையிலன்று, துறைமுகங்களிலே. ஸ்பானியர் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கியூபாவுக்குக் கொண்டுசென்ற மக்களின் முழவோசையும், ஸ்பானியரின் நரம்பிசையும் ஹவானா நகரிற் கலந்தன. அக்கலப்பு, பின்னர் நியூயோர்க் நகரில் ஆபிரிக்க அமெரிக்கரின் ஜாஸ் இசையோடு கூடியது. 1943 இல் மரியோ பௌசா அமைத்து, மச்சிட்டோவின் குழுவினர் வாசித்த ‘தங்கா’ இத்துறையின் முதற்படைப்பு என்பர். 1947 இல் டிசி கில்லெஸ்பி என்னும் எக்காள வித்துவான், கியூபாவின் முழவு வித்துவானாகிய சானோ போசோவைத் தம் குழுவிற் சேர்த்து, கார்னகி மண்டபத்திலே கச்சேரி செய்தார். போசோ இசைக்குறி வாசிக்கத் தெரியாதவர். ஆங்கிலமும் அவருக்கு நன்கு வாராது. அவர் வாயாற் பாடிக் காட்டியதைப் பிறர் எழுதிக்கொண்டனர். குறியெழுதத் தெரிந்தவன் தெரியாதவனிடம் மாணாக்கனாய் அமர்ந்தான். அந்த இசை உலகமெங்கும் பரவியதற்கு இதுவே காரணமென்று நான் கருதுகிறேன்.

இவ்விசையின் அச்சாணி ‘கிளாவே’ எனப்படும் தாளக்கட்டு. இரண்டு சிறு மரக்குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்புவது. கேட்டவுடன் மயக்கந் தரும். ஆனால் நமது சொற்கட்டினாற் சொல்லிப் பார்த்தால் மயக்கம் தீரும். தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்திலும் ஒரு தட்டுத் தட்டுக. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. ஆகக் கூடிப் பதினாறு மாத்திரை, ஐந்து தட்டு. முதல் எட்டு மாத்திரையில் மூன்று தட்டும், அடுத்த எட்டில் இரண்டு தட்டும் விழும். நான் இதனை மேசையிலே தட்டிக்கொண்டிருந்தபோது, “யாருக்கு வாய்பாடு சொல்லிக் கொடுக்கிறியள்?” என்று அடுக்களையிலிருந்து என் மனைவியார் வினவினார். எனக்கே என்றேன்.

கிளாவே என்பதன் சொற்பிறப்பு இன்னும் சுவையானது. ஹவானாவின் கப்பல் கட்டும் துறையிற் பலகைகளைப் பொருத்தப் பயன்பட்ட வன்மர முளைகளே இக்குச்சிகளாயின என்று பெர்னாண்டோ ஓர்ட்டிஸ் என்னும் கியூப அறிஞர் எழுதினார். முளையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லாயினும், கிளாவே என்னுஞ் சொல்லாயினும், இரண்டுக்கும் வேர் ‘திறவுகோல்’ எனப் பொருள்படும் பழைய லத்தீன் சொல்லொன்றே. அவ்வேரிலிருந்து போர்த்துக்கேய மொழியிற் கிளைத்த சொல்லைத்தான் தமிழர் ‘சாவி’ என்று வழங்குகின்றனர். ஈழத்தில் நாம் ‘திறப்பு’ என்போம். ஆயினும் சாவி எமக்கும் அறிமுகமான சொல்லே. கியூபக் குச்சியும் தமிழ்நாட்டுச் சாவியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

சாவி ஒன்றுதானா? நாம் அமருங் கதிரை, சாருகின்ற யன்னல், எழுதும் மேசை, மாணவர் இருக்கும் வாங்கு, நூல் வைக்கும் அலுமாரி, உண்ணும் பாண், அணியுஞ் சப்பாத்து, நிலந்தோண்டும் அலவாங்கு யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். இளைஞர் நால்வரும் வந்தமர்ந்த என் விறாந்தையும் அவ்வாறே. கோயிலை இடித்தவன் சொல்லென்று இவற்றை நாம் தள்ளினோமா? இல்லை. தொல்காப்பியனார் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு வகுத்துத் திசைச்சொல்லுக்கும் செய்யுளில் இடங்கொடுத்தார். பவணந்தி முனிவர் தமிழல்லாத பிற நிலங்களின் சொற்களையும் அவ்வகையில் அடக்கினார். அவர்கள் விதித்தது ஒன்றே: வருஞ்சொல் தமிழின் ஓசைக்கு அடங்கி வருதல் வேண்டும். கதவைச் சாத்தச் சொல்லவில்லை; வாசலில் இலக்கணத்தைக் காவல் வைத்தனர்.

இசையிலும் நம் முன்னோர் அவ்வாறே செய்தனர். முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் சென்னையிலே ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதனைக் கருநாடக இசைக்கு ஏற்றதாக்கினார். இன்று பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரியை நாம் குறையுடையதென்போம். அவர் வாத்தியத்தை வாங்கினார். அதன் இலக்கணத்தைக் கற்றார். பின்பு தம் கமகத்தை அதற்குக் கற்பித்தார்.

நிற்க. இதுகாறும் கூறியவை நூலறிவு. இனிக் கூறுவது என் குற்றம்.

எமக்கு அயலான பாலையூற்றிலே போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. மட்டக்களப்பிலும் அவர்கள் உளர். 1638 இல் மட்டக்களப்பையும் 1639 இல் திருக்கோணமலையையும் ஒல்லாந்தர் கைப்பற்றியபோது பீரங்கிக்கு உரியவர்கள் நீங்கினர். எஞ்சியோர் தச்சும் கொல்லும் செய்து பிழைத்தனர், இந்நாட்டுப் பெண்களை மணந்தனர், நம்மொடு தமிழ் பேசினர். அவர்கள் வீட்டுத் திருமணங்களிலே பிடிலும் முழவும் கொண்டு வாசிக்கப்படுவது ‘கப்ரிஞ்ஞா’. போர்த்துக்கேயர் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கரைக் காப்பிரியர் என்றனர். அப்பெயரின் சிறுமைவடிவே இவ்விசையின் பெயர். ஆறு மாத்திரை வட்டத்தை ஒருகால் தகிட தகிட என்றும், ஒருகால் தக தக தக என்றும் மாற்றி ஆடவைக்கும் நடை அது. நாடெங்கும் சிங்களப் பாட்டாகப் பரவிய பைலா இதன் தங்கை.

வாசகர் இப்போது நான் கண்டதைக் காண்பர். ஹவானாத் துறைமுகத்தில் எந்த இரு கூட்டத்தார் சந்தித்தனரோ, அவர்களுக்கு உறவான ஐபீரியரும் ஆபிரிக்கருமே நமது நாட்டின் துறைமுகங்களிலும் சந்தித்தனர். அங்கே பிறந்த இசையைக் கேட்க உலகம் மண்டபங் கட்டியது. இங்கே பிறந்ததோ கல்யாணப் பந்தலின் கொல்லைப்புறத்தில் நின்று தேய்கிறது. அங்கே கற்றோர் கல்லாரிடம் அமர்ந்து கேட்டனர். இங்கே நாம் அமரவில்லை.

நாம் என்று பன்மையிற் கூறி ஒளிந்துகொள்ளுதல் தகாது. நான் அமரவில்லை. கால்நூற்றாண்டின் முன், நான் கற்பித்த ஒரு பாடசாலையின் கலைவிழாவுக்கு, பாலையூற்றுப் பறங்கிப் பிள்ளையொருவன் தன் தந்தையின் பிடிலைக் கொண்டுவந்தான். தங்கள் வீட்டுப் பாட்டொன்று வாசிக்க அனுமதி கேட்டான். “தம்பி, இது கல்யாண வீடு அல்ல, கீர்த்தனை ஏதும் தெரிந்தால் வாசி” என்றேன். அவன் பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினான். அன்று அதனைத் தமிழ்த்தொண்டு என்றே எண்ணினேன். திசைச்சொல்லுக்கு இலக்கணம் கற்பித்த அதே வாயினால் அதனைக் கூறினேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அக்குடும்பங்களின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்று முதியோர் சிலரின் நாவிலேயே தங்கியுள்ளது. 2004 ஆம் ஆண்டு மார்கழி மாதத்து ஆழிப்பேரலை மட்டக்களப்பு டச்பார்ப் பறங்கியர் பலரைக் கொண்டுபோயிற்று. லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கடல்கடந்து வந்து அம்மொழியையும் பாட்டையும் பதிவுசெய்கின்றனர். கூப்பிடு தொலைவிலிருந்த நான், அதன் தாளம் எத்தனை மாத்திரை என்றுகூடக் கேட்டதில்லை. தம் மொழி அழியுமோ என்று அஞ்சுகின்ற இனத்தவன், அயல்வீட்டு மொழி அழிவதைக் கேளாதிருத்தல் நீதியன்று.

ஆகவே இளைஞர்க்கு என் விடை: நடத்துங்கள். ஆயினும் சில நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, பட்டறையே தலை, கச்சேரி வால். கச்சேரி ஒருநாள் விருந்து; பயிற்சியோ விதைநெல். 1958 இல் டேவ் புரூபெக்கும், 1963 இல் டியூக் எலிங்டனும் தத்தம் ஜாஸ் குழுவினரோடு இலங்கைக்கு வந்து வாசித்தனர். கேட்டோர் மகிழ்ந்திருப்பர். ஆனால் புரூபெக் அதே பயணத்தில் துருக்கியின் வீதி வாத்தியகாரரிடம் ஒன்பது மாத்திரை நடையொன்றைக் கேட்டறிந்து, மறுவருடம் தம் இசைத்தட்டில் ஆண்டார். பயனடைந்தவர் செவிசாய்த்தவரே.

இரண்டாவது, கொழும்பு வித்துவான்களுக்கு இடும் ஆசனத்துக்கு நிகரான ஆசனம் பாலையூற்றுப் பிடில்காரருக்கும் இடப்படல் வேண்டும், பார்வையாளராகவன்று, ஆசிரியராக, அதற்குரிய வேதனத்தோடு.

மூன்றாவது, நம் பிள்ளைகள் வெறுங்கையோடு போகலாகாது. மிருதங்கமும் கூத்து மத்தளமும் உடுக்கும் உடன் செல்க. முஸ்லிம் அன்பர்கள் தம் ரபானோடு வருக. கொடுக்க ஒன்றும் இல்லாதவன் வாங்குவது கடன். கொடுத்து வாங்குவதே வாணிகம். திருக்கோணமலை பழைய துறைமுகம். வாணிகத்தின் முறை அதற்குத் தெரியும்.

நான்காவது, கற்றவற்றைச் சொற்கட்டாகத் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். அந்த வேலையை நான் ஏற்கிறேன்.

பண்ணிசைக்கு ஆதரவில்லாதபோது இது வேண்டுமா என்னும் முதல் வினாவுக்கு விடை எங்கே என்று கேட்பீர்கள். மரக்குச்சியின் ஐந்து தட்டை எண்ணக் கற்ற பிள்ளை, ஆதிதாளத்தின் எட்டை எண்ணக் கூசமாட்டான். செவி ஒருமுறை விழித்தால் அதற்கு அயல், அகம் என்னும் பேதமில்லை. உறங்குஞ் செவிக்குத்தான் தேவாரமும் ஒன்று, இரைச்சலும் ஒன்று.

தவணை முடிந்த நாளன்று, இளைஞர் வருமுன் நான் தனியே பாலையூற்றுக்குப் போனேன். அந்த மாணவனின் தந்தையார் இருந்தார். மகன் கடல்கடந்து போய்விட்டானாம். வந்த காரணத்தைக் கூறினேன். பழைய காரணத்தையுங் கூறினேன். அவர் ஒன்றுஞ் சொல்லாமல் அலுமாரியைத் திறந்து பிடிலை எடுத்தார். இரண்டு நரம்பு அறுந்திருந்தது.

“வாசிச்சுக் கனகாலம், மாஸ்டர். நரம்பு இருந்தாற் பாப்பம்” என்றார்.

கொழும்பிலிருந்து நரம்பு வாங்கிவர ஆளிடஞ் சொல்லியிருக்கிறேன்.