நெருப்பில்லா அடுப்பும் அம்மாவின் தோசைக்கல்லும்

2022ஆம் ஆண்டிலே எரிவாயுச் சிலிண்டருக்காக வீதியோரத்தில் வரிசையாய் நின்றவர்கள் அந்நாட்களை எளிதில் மறக்கமாட்டார்கள். எமது இல்லத்துக்கு மின்தூண்டல் அடுப்பு வந்து சேர்ந்தது அக்காலத்திலேதான். கடைக்காரர் அதனை ‘இன்டக்சன் குக்கர்’ என்பார். மின்வெட்டும் மலிந்திருந்த காலமாகையால், மின்சாரம் வந்ததும் விரைந்து சமைத்து முடிக்கவேண்டிய நிலை. ஆனால், அலுமினியச் சட்டியை வைத்தால் அடுப்பு ‘கீச்’சென்று கத்திவிட்டு ஓய்ந்துவிடும். மண்சட்டியையும் அது ஏற்கவில்லை. ஈற்றில் அம்மா தமது வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைக் கொணர்ந்து வைத்தார். அது மறுபேச்சின்றிக் காயத் தொடங்கியது.

“உதென்ன தம்பி, நெருப்பைக் காணேல்லை, கல்லு மட்டும் எப்பிடிக் காயுது?” என்றார் அம்மா.

வகுப்பறையில் மாணவர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது!

1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் கம்பியைச் சுற்றினார். ஒரு பக்கத்தில் மின்னோட்டத்தைத் தொடக்கும்போதும் நிறுத்தும்போதும் மறுபக்கக் கம்பியிலும் கணநேரம் மின்னோட்டம் தோன்றக் கண்டார். மாறுகின்ற காந்தப்புலம் தன் எல்லைக்குட்பட்ட கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும். எமது அடுப்பின் கண்ணாடித் தட்டின் கீழே இருப்பதும் செப்புக் கம்பிச் சுருளே. வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைய, அடுப்போ தன் சுருளில் அதனை 20,000 தடவைக்கு மேல் அலையச் செய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் கல்லின் அடியிலே சுழல் மின்னோட்டங்களை உண்டாக்குகிறது. இரும்பு காந்தத்தன்மை உடையதாகையால் அவை அடிப்பரப்பின் மெல்லிய படையொன்றினுள் ஒடுங்கி ஓடுகின்றன. ஒடுங்கிய பாதையிலே தடை அதிகம், வெப்பமும் அதிகம். ஆகவே, அடுப்பு நெருப்பைத் தரவில்லை, கல்லே நெருப்பாகிறது.

1950களில் அமெரிக்காவிலே இவ்வகை அடுப்பைக் காட்சிக்கு வைத்தவர்கள், அடுப்புக்கும் பானைக்கும் இடையே செய்தித்தாளொன்றை விரித்துத் தண்ணீரைச் சூடாக்கிக் காட்டினார்கள். வாசகர்கள் இப்பத்திரிகையைக் கொண்டு அதனைப் பரீட்சிக்கவேண்டாம். காய்ந்த கல் தாளைக் கருக்கிவிடும்.

இவ்வளவும் அறிந்த நானே ஒருநாள் பிழைவிட்டேன். பாடசாலைக்கு நேரமாகிவிட்டதென்று, குளிர்ந்த கல்லை வைத்து அடுப்பை உச்ச வலுவிலே முடுக்கினேன். ‘டக்’கென்று ஒரு சத்தம். பார்த்தால், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மயிரிழைபோல் ஒரு வெடிப்பு!

வார்ப்பிரும்பு வெப்பத்தை விரைந்து பரப்பாது. இதில் அலுமினியத்தின் நாலிலொரு பங்கு அளவுதான் அதன் திறன். சுருளுக்கு நேர்மேலேயுள்ள வட்டம் காய்ந்து விரியும்போது விளிம்பு குளிர்ந்தே கிடக்கும். நூற்றுக்கு 2 முதல் 4 வரை காபன் கலந்த இவ்விரும்போ வளைந்து கொடுக்காது. விறகடுப்பில் தீ மெல்ல மெல்ல ஏறிக் கல்லின் அடியெங்கும் தழுவிக்கொள்ளும். அங்கே அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்த கல், என் அவசரத்தைத் தாங்கவில்லை.

அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. கலியாணமாகி வந்த ஆண்டிலே வாங்கிய கல் அது. கழுவித் துடைத்து, வழக்கம்போல் எண்ணெய் பூசி, பழந்துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார்.

இப்போது இருப்பது புதுக்கல். முதலில் குறைந்த வலுவில் ஐந்தாறு நிமிடம் காயவிடுகிறோம். விரல்நுனியால் இரண்டொரு துளி தெளித்தால், நடுவிலும் விளிம்பிலும் ஒரேவிதமாய்ச் ‘சுர்’ரென்று வற்றவேண்டும். அதன்பின் நடுத்தர வலு போதும். கல்லை இழுத்தால் கண்ணாடி கீறுப்படுமாகையால் தூக்கித்தான் வைக்கவேண்டும். குழிந்த அடியுள்ள தாச்சி இத்தட்டையான அடுப்புக்குச் சரிவராது. அடுப்பை நிறுத்தினாலும் கல்லின் சூடு கண்ணாடியில் ஏறி நெடுநேரம் நிற்கும். சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளில் இதனை மறத்தலாகாது.

காலையில் அடுப்பை முடுக்குவது இப்போது அம்மாவின் வேலை. என்னை அந்தப் பக்கம் விடுவதில்லை.

“நீ போய் வெளிக்கிடு தம்பி, கல்லு ஆறுதலாய்க் காயட்டும்” என்கிறார்.